பாரிஸ் போக வேண்டிய வடவம்

அன்னைக்கு வேலைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான். ஒரு டப்பா வடவத்தைக் கொண்டுபோய் முசியே லூர்துசாமி வீட்டுல கொடுத்துட்டு வரணும்.

புதுச்சேரியில எங்க சாரத்துல டெம்போ ஏறணும். கால்வாய்கிட்ட இறங்கி அந்தப் பக்கம் நடக்கணும். டப்பாவைக் கொடுக்கணும். திரும்பணும். மத்தியான உலை வைக்கிறதுக்குள்ள வந்துடலாம்.

அப்படித்தான் நினைச்சேன்!

வடவம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம் எல்லாம் இடிச்சுப் பிசைஞ்சு, விளக்கெண்ணெய் விட்டு, பகல்ல மொட்டை மாடியில காய வச்சு, சாயங்காலம் உருட்டி, மறுநாள் உதிர்த்து, திரும்பக் காய வச்சு, திரும்ப உருட்டி, கடைசியில கன்னங்கரேல்னு ஒரு உருண்டையா வரும். பார்க்கச் சகிக்காது. ஆனா அதுல ஒரு கிள்ளு எடுத்து எண்ணெய்ல போட்டா, தெருமுனையில போறவன் சைக்கிளை நிறுத்தி, "யார் வீட்டுல மீன் குழம்பு?"ன்னு கேப்பான்.

எங்க ஊர்ல ஐயாங்கிறதுக்கு முசியேம்போம். இந்த முசியே லூர்துசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன சொல்தா, அதாவது சிப்பாய். பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே. பாரிஸ்ல அவர் மச்சான் கடை வச்சிருக்காரு. ஒரு கல்யாண வீட்டுல என் கை வடவம் போட்ட குழம்பைச் சாப்பிட்டுட்டு, பந்தியில இருந்தே என்னைக் கூப்பிட்டாரு.

"அங்க ஒரு கம்பெனிக்காரன் நம்ம வடவத்தைத் தூளாக்கி டின்ல விக்கிறாம்மா. அதுல வெங்காயமும் இல்ல, வெயிலும் இல்ல. பேரு மட்டும் நம்ம பேரு. அவனவன் ஊர் ஒயினை, பாலாடைக்கட்டியை வேற எவனும் அந்தப் பேர்ல விக்க முடியாது. சண்டைக்கு வந்துடுவானுங்க. நம்ம வடவம்னா மட்டும் கேக்க நாதியில்ல. நான் அசலை அனுப்பப் போறேன். ஒரே கைப்பக்குவம், ஒரே பேரு. பேரைப் பதிஞ்சுட்டா எவனும் தொட முடியாது."

"யார் பேரு முசியே?"

"செய்யிறவங்க பேருதான். மதாம் சகுந்தலான்னு தங்க எழுத்துல போட்டுடலாம். கத்திரி முடிஞ்சதும் ஒரு டப்பா சாம்பிள் கொண்டா."

மதாம் சகுந்தலா! தங்க எழுத்துல! பாரிஸ்ல!

இந்த சகுந்தலாவோட பேரு அதுவரைக்கும் அச்சுல வந்தது ரேஷன் கார்டுல மட்டும்தான். அதுலயும் எங்க வீட்டுக்காரர் பேருக்குக் கீழே.

வீட்டுக்கு வந்ததும் முடிவு பண்ணேன். என் பக்குவத்தை ஒரு ஈ காக்காய் பார்க்கக் கூடாது. வெள்ளைக்கார டின்காரன் திருடினான்னா அவன் எங்கேயோ இருக்கான். எதிர் வீட்டுக்காரி திருடினா என்ன பண்றது?

எங்க தெருவுல வடவத்துக்கு வெங்காயம் உரிக்கிறதுன்னா அது ஒரு கூட்டம். நாலு வீட்டுப் பொம்பளைங்க அரிவாள்மணையோட வந்து உக்காருவாங்க. உரிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊர்ல ஒருத்தர் மானம் பாக்கி இருக்காது. அந்த வருஷம் யாரையும் கூப்பிடலை. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு, ஒரு மூட்டை வெங்காயத்தையும் நானே உரிச்சேன்.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வந்தாரு. என் மூஞ்சியைப் பார்த்ததும் செருப்பைக் கூடக் கழட்டாம சுவத்தைப் பிடிச்சுட்டு நின்னுட்டாரு.

"யாரு? எங்க அம்மாவா, உங்க அம்மாவா?"

"யாரும் போகலை. வெங்காயம்."

"இதுக்கு ஏன் கதவைச் சாத்திக்கிட்ட?"

"ரகசியம்."

"வாசனை பெருமாள் கோயில் வரைக்கும் வருது. என்ன ரகசியம்?"

ஆம்பளைங்களுக்கு வியாபாரம் புரியாது.

மறுநாள் மாடியில காய வைக்கணும். எங்க தெருவுல மாடிக்கும் மாடிக்கும் நடுவுல முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அதைச் சுவர்னு சொல்றதே மரியாதைக்குத்தான். நான் என்ன பண்ணேன், நாலு பக்கமும் கொடி கட்டினேன். பழைய சேலை, பெட்ஷீட், இவரோட வேட்டி எல்லாத்தையும் தொங்க விட்டேன். உள்ளே வடவம். வெளியே இருந்து பார்த்தா பிரசவ வார்டு மாதிரி இருந்துச்சு.

பக்கத்து மாடியில இருந்து ஒரு குரல்.

"ஏனுங்க்கா, யாருக்காச்சும் அம்மை போட்டிருக்குதுங்களா?"

மல்லிகா. கோயமுத்தூர்ப் பொண்ணு. கல்யாணம் ஆகி இங்கே வந்து ரொம்ப நாள் ஆகலை. புருஷனுக்கு இங்கே எங்க ஊர் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில வேலை. கம்பெனி பாதி நாள் ஓடும், பாதி நாள் லே-ஆஃப். எங்க ஊர் வடவத்தை அவ இங்கே வந்துதான் பார்த்தா. முதல் தடவை பார்த்தப்போ, "இதைத் தின்கறதுங்களா?"ன்னு கேட்டவ.

அம்மையெல்லாம் இல்லைன்னு சொல்லிட்டு இறங்கி வந்திருக்கலாம். வந்தேனா? வாய் சும்மா இருந்துச்சா?

"என் வடவம் பாரிஸ் போகுது மல்லிகா."

"அப்படீங்களா!"

அவ்வளவுதான். முசியே, மச்சான் கடை, தங்க எழுத்து, எந்த வீதி, எத்தனாவது வீடு எல்லாம் சொல்லி முடிச்சுட்டு, கடைசியில குரலைத் தணிச்சு, "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னேன்.

அதுல மல்லிகாவைக் குறை சொல்ல முடியாது. அவ யார்கிட்டயும் சொல்லலை. அவளே போயிட்டா. ஆனா அது பின்னாடி.

அப்போ அவ சுவர்ல சாஞ்சுக்கிட்டு, "நானும் வீட்டுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்க்கறனுங்க்கா. வெங்காயம், உளுந்தெல்லாம் தெரியுமுங்க. உங்களுது மட்டும் எப்படிங்க்கா அப்படி மணக்குது?"ன்னு கேட்டா.

நான் படிச்ச கான்வென்ட்ல பொய் சொன்னா சிஸ்டர் ரூல்தடியால மணிக்கட்டுல போடுவாங்க. ஆனா சாரத்து மொட்டை மாடிக்கு எந்த சிஸ்டரும் வரப் போறதில்லைன்னு ஒரு தைரியம்.

"சோம்பு"ன்னேன்.

"சோம்புங்களா?"

"நல்லா வறுத்து, கை நிறைய அள்ளிப் போடணும். அப்புறம் எல்லாரும் விளக்கெண்ணெய் விடுவாங்க. தப்பு. விளக்கெண்ணெய் பக்கமே போகாதே. நல்லெண்ணெய்தான்."

எங்க ஊர்ல வடவத்துல சோம்பு போடறதுன்னா கல்யாண வீட்டுல ஒப்பாரி வைக்கிற மாதிரி. விளக்கெண்ணெய் இல்லாத வடவம்னா தாலி இல்லாத கல்யாணம். ரெண்டையும் சேர்த்து அவ தலையில கட்டிட்டு, படியிறங்கும்போது எனக்கே என் சாமர்த்தியத்தை நினைச்சு ஒரு பூரிப்பு. ஏதோ எல்லையில முள்வேலி போட்டுட்டு வந்த மாதிரி!

மல்லிகா மறுநாளே ஆரம்பிச்சுட்டா. நான் கூப்பிடாத அத்தனை பொம்பளைங்களும் அவ வீட்டு வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சாங்க. என் மானத்தையும் சேர்த்துத்தான் உரிச்சிருப்பாங்க. அவ மாடியில மறைப்பு கிறைப்பு ஒண்ணும் கிடையாது. பட்டப்பகல்ல, பளிச்சுன்னு விரிச்சுப் போட்டு, பக்கத்துல உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தா. வறுத்த சோம்பு வாசனை என் சமையல்கட்டு வரைக்கும் வந்துச்சு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

என் வடவத்துல இருந்தும் ஒரு வாசனை வந்துச்சு. ஈரத் துணியை மடிச்சு ட்ரங்குப் பெட்டியில வச்ச மாதிரி.

விலக்கிப் பார்த்தேன். உருண்டை மேல எல்லாம் வெள்ளை வெள்ளையா பூஞ்சை! நாலு பக்கமும் சேலை கட்டினா, ஒரு பக்க நிழல் போனா இன்னொரு பக்க நிழல் வந்து விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. கத்திரி வெயில்ல, ஊரே வெந்துக்கிட்டு இருக்கிறப்போ, என் வடவம் மட்டும் கொடைக்கானல்ல இருந்திருக்கு.

எங்க வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாரு.

"வெயிலுக்குக் கூடச் சொல்லலையா நீ?"

எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில கொட்டினேன். நல்லவேளை, போன வருஷத்து ஜாடியில கொஞ்சம் இருந்துச்சு. வடவம் பழசு ஆக ஆகத்தான் மணக்கும். அதை டப்பாவுல அடைச்சேன். பட்டுச்சேலை கட்டினேன். முசியே வீட்டுல பேச ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை மனசுக்குள்ளயே உருப்போட்டுக்கிட்டேன். டெம்போ ஏறினேன்.

எதிர் சீட்டுல மல்லிகா! மடியில ஒரு டப்பா.

ரெண்டு பேரும் ஒருத்தர் டப்பாவை ஒருத்தர் பார்த்தோம். பார்க்காத மாதிரி வெளியே பார்த்தோம்.

"எங்கக்கா, பட்டுச்சேலையோட?"

"கோரிமேடு. ஆஸ்பத்திரியில ஒருத்தரைப் பார்க்கணும்."

"கோரிமேடு அந்தப் பக்கமாச்சுங்களே?"

டெம்போ கடற்கரையைப் பார்த்துப் போய்க்கிட்டு இருந்துச்சு.

"சுத்திப் போறேன்"னேன். "நீ எங்கே?"

"நானும் சும்மா சுத்தறதுக்குத்தானுங்க்கா."

அதுக்குள்ள ரெண்டு டப்பாவும் பேச ஆரம்பிச்சிடுச்சு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே பின்னாடி இருந்து ஒரு ஆளு, "யாரும்மா அது காலங்காத்தால மீன் குழம்போட வண்டி ஏறினது? பசிக்குது இல்ல?"ன்னாரு. டெம்போவே எங்க ரெண்டு பேரையும் திரும்பிப் பார்த்துச்சு. மல்லிகா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் யாரோன்னு உக்காந்திருந்தேன்.

ஒரே ஸ்டாப்ல இறங்கினோம். ஒரே வீதியில திரும்பினோம். ஒரே கதவுக்கு முன்னாடி நின்னோம். அதுக்கப்புறம் கோரிமேடுன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

கதவைத் திறந்தாரு முசியே. நான் உருப்போட்டு வச்சிருந்த வாக்கியத்தை எடுத்து விட்டேன். போன்ழூர்ல ஆரம்பிச்சு, சிஸ்டர் கேட்டிருந்தா மெடல் போட்டிருப்பாங்க, அப்படி ஒரு பிரெஞ்சு.

"வாம்மா, வா, குந்து"ன்னாரு முசியே. அப்புறம் பின்னால பார்த்து, "இன்னா, ரெண்டு பேரா? நல்லதாப் போச்சு. ரெண்டையும் தாளிச்சுப் பார்த்துடலாம்"னாரு.

அவர் சம்சாரம் உள்ளே போய் எண்ணெய் காய வச்சாங்க. ஒரே பருப்பு, ரெண்டு கிண்ணம். முதல்ல என்னோடது. முசியே ஒரு கரண்டி வாயில வச்சாரு. கண்ணை மூடினாரு. மூடினவரு திறக்கவே இல்லை.

"எங்கம்மா கை"ன்னாரு. "அப்படியே எங்கம்மா கை."

நான் மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு. போகும்போது அவளுக்கு ஒரு முழம் பூ வாங்கித் தரணும்னு கூட நினைச்சேன். ஜெயிச்சவங்களுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை!

முசியே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. "துவான்ல உள்ள என்னென்ன இருக்குன்னு கேப்பான். அந்தக் கஸ்டம்ஸ்காரன் லேசுல விட மாட்டான். சொல்லு, என்ன எண்ணெய்?"

"சுத்தமான விளக்கெண்ணெய் முசியே. செக்குல ஆட்டினது."

கரண்டி கிண்ணத்துல விழுந்துச்சு.

"அய்யய்யோ! விளக்கெண்ணெயா! அங்க அது பேதி மருந்தும்மா!"

"இங்கயும் பேதி மருந்துதான் முசியே. நாம சாப்பிடலையா?"

"நாம சாப்பிடுவோம். அவன் விடுவானா? போன தடவை ஒரு பெட்டி அனுப்பிச்சேன். துவான்காரன் முகர்ந்து பார்த்துட்டு, இது மருந்தா, சாப்பாடா, எதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்கன்னு பெட்டியை அங்கயே வச்சுக்கிட்டான். மச்சான் இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்ல."

"அப்போ எண்ணெயை மாத்தி..."

"மாத்தினா எங்கம்மா கை வருமா?"

வராது. பக்குவத்துல எதை மாத்தினாலும் அந்த ருசி வராதுன்னு நானே கல்யாண வீட்டுல அவர்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருந்தேன்.

"நீ என்னம்மா ஊத்தின?"ன்னு மல்லிகாவைக் கேட்டாரு.

"நல்லெண்ணெய்ங்க. விளக்கெண்ணெய் பக்கமே போகக் கூடாதுங்க."

எனக்குப் புரையேறிடுச்சு. முசியே சம்சாரம் தண்ணி கொடுத்தாங்க.

முசியே ரெண்டாவது கிண்ணத்தை எடுத்தாரு. ருசி பார்த்தாரு. நெத்தியைச் சுருக்கினாரு. எனக்கு மறுபடி உசிரு வந்துச்சு. மறுபடி ஒரு கரண்டி எடுத்தாரு. அப்புறம் இன்னொண்ணு.

"இதுல என்னமோ புதுசா இருக்கே. சோம்பா?"

"ஆமாங்க. வறுத்து, கை நிறையப் போடோணுங்க."

முசியே தொடையில ஓங்கித் தட்டினாரு. "சோம்பு! வெள்ளைக்காரன் சோம்புன்னா சொத்தை எழுதி வைப்பான்! சாயங்காலமானா தண்ணி கலந்து குடிக்கிறானே, அந்தச் சாராயமே சோம்புதான்! இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலையே! யாரும்மா உனக்கு இந்தப் பக்குவம் சொன்னது?"

மல்லிகா என்னைப் பார்த்தா.

நான்தான்னு எந்திரிச்சு நின்னு சொல்லலாம். உலகத்துல வடவத்துல சோம்பு போடச் சொன்ன முதல் ஆளு இந்த சகுந்தலாதான். ஆனா சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்போ உன் டப்பாவுல ஏன் சோம்பு இல்லை?

"எங்க அத்தைங்க"ன்னா மல்லிகா. "அவிய குடும்பத்துல ரொம்ப காலமாச் செய்யறதுங்க."

முசியே சந்தோஷமாத் தலையாட்டினாரு. அந்த அத்தையும் கோயமுத்தூர்தான், அங்கே வடவமே கிடையாதுன்னு அவருக்குத் தெரியலை. நான் தண்ணியைக் குடிச்சு முடிச்சேன்.

திரும்பி வரும்போது டெம்போவுல பக்கத்துப் பக்கத்து சீட்டு. என் டப்பா என் மடியில. அவ டப்பா அங்கேயே தங்கிடுச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மெதுவா சொன்னா.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எண்ணெய்க் கடையில நீங்க விளக்கெண்ணெய் வாங்கிட்டுப் போனதைப் பார்த்தனுங்க."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "எப்போ?"

"எல்லாம் பிசைஞ்சு போட்டதுக்கப்புறங்க. அத்தனை வெங்காயத்தையும் கொட்டறதுக்கு மனசு வருங்களா? அவருக்கு வேற லே-ஆஃபுங்க. சரி, வர்றது வரட்டும்னு காய வச்சனுங்க."

"அப்புறம் அத்தைன்னு ஏன் சொன்னே?"

"அக்காதான் சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொல்லியிருந்தா உங்களுக்குத்தானுங்களே சங்கடம்."

கான்வென்ட்ல இதுக்கெல்லாம் பாடம் நடத்தலை. பூக்காரி தென்பட்டதும் டெம்போவை நிறுத்தச் சொல்லி ஒரு முழம் வாங்கிக் கொடுத்தேன். ஏற்கெனவே வாங்கித் தரணும்னு முடிவு பண்ணதுதானே!

வீட்டுக்கு வந்தா உலையும் வைக்கலை, ஒண்ணும் வைக்கலை. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து சாப்பாட்டுக்கு வந்து, வெறும் தட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்தாரு.

"என்ன ஆச்சு மதாம்?"

"சோம்பு"ன்னேன்.

அவர் அதுக்கு மேல கேக்கலை. அந்த ஒரு நல்ல குணம் அவர்கிட்ட உண்டு.

மழைக்காலம் முடியறப்போ ஒரு நாள் மல்லிகா ஓடி வந்தா. கையில ஒரு லேபிள். பாரிஸ்ல இருந்து வந்திருக்கு. மஞ்சள் கலர், தங்க எழுத்து, நடுவுல ஒரு மல்லிகைப்பூ.

"அக்கா, எல்லாம் பிரெஞ்சுல போட்டிருக்குதுங்க. நீங்கதான் கான்வென்ட்டுங்களே. என்னன்னு படிச்சுச் சொல்லுங்க."

என்ன சோதனை பாருங்க! கான்வென்ட்ல உருப்போட்ட பிரெஞ்சுக்கு அப்போதான் வேலை வந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, நிதானமா, ஒவ்வொரு வரியாப் படிச்சு, தமிழ்ல சொன்னேன்.

"மதாம் மல்லிகா. பதிவு செய்யப்பட்ட பெயர். வறுத்த சோம்பு சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வரும் அசல் புதுச்சேரிப் பக்குவம்."

அந்தத் தலைமுறைக்கு அப்போ இன்னும் ஒரு வயசு கூட முடியலை.

"அடியில சின்ன எழுத்துல என்னங்க்கா?"

"போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்."

மல்லிகாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லேபிளை வாங்கி நெஞ்சோட வச்சுக்கிட்டா. பேப்பருக்குப் பின்னாடி இருந்து எங்க வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்துச்சு. "போலின்னா யாரு? ஜாடியில இருக்கிறதா?"

இப்போ எங்க தெருவுல பாதி வீட்டுல வடவத்துல சோம்பு மணக்குது. விளக்கெண்ணெய் விட்டுச் செய்யறவ நான் ஒருத்திதான். போன வாரம் புதுசாக் குடி வந்த ஒரு பொண்ணு என் குழம்பைச் சாப்பிட்டுட்டு, "ஆன்ட்டி, வடவத்துக்கு சோம்பு போட மறந்துட்டீங்க"ன்னு எனக்கே சொல்லிட்டுப் போகுது.

அதனால சொல்றேன்: பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பொய் சொல்றதா இருந்தா, முதல்ல ஒரு கரண்டி வாயில வச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க.